முள்ளம்பன்றித் தக்காளி: வளர்ப்பது எளிது, தொடுவதுதான் வேலை

விதைப் பாக்கெட்டின் மேலுள்ள படத்தைப் பார்த்தால், யாரோ கணினியில் உட்கார்ந்து நிறம் ஏற்றிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். இல்லை. சாம்பல் பூத்த பச்சை இலை, அதன் நடுநரம்பு நெடுகக் குத்திட்டு நிற்கும் ஆரஞ்சு முட்கள், நுனியில் ஊதா நட்சத்திரப் பூ. சொலானம் பைரகாந்தோஸ் செடியை நேரில் பார்த்தாலும் அப்படியேதான் இருக்கும். நிற விஷயத்தில் பாக்கெட் பொய் சொல்லவில்லை. முளைப்பு இழுத்தடிப்பது, அடித்தண்டு மொட்டையாவது, கை வைக்கும் ஒவ்வொரு தடவையும் படுகிற பாடு, இவற்றைப் பற்றித்தான் அது வாயே திறக்காது.

முதலில் பெயர். பார்க்குபைன் டொமேட்டோ, டெவில்ஸ் தார்ன் என்றெல்லாம் விற்பனையில் சொல்கிறார்கள். பைரகாந்தோஸ், பைரகாந்தம் என்று முடிவெழுத்து மாறி வந்தாலும் இரண்டும் ஒரே செடிதான். கிரேக்கத்தில் 'தீ', 'முள்' என்ற இரண்டு சொற்களைச் சேர்த்த பெயர். வைத்தவர் பிரெஞ்சுத் தாவரவியலர் லமார்க். முள்ளம்பன்றித் தக்காளி என்று நாமும் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அதில் முள்ளம்பன்றி சரி, தக்காளி வம்பு. தக்காளியும் சொலானம் என்ற அதே பேரினம்தான் என்றாலும் இதன் கிட்டத்துச் சொந்தம் கத்தரி, சுண்டை, தூதுவளை, கண்டங்கத்தரி. அந்த உறவுமுறையை நம்பி யாரும் வாயில் வைத்துவிடக் கூடாது: இலை, தண்டு, காய் அத்தனையும் நஞ்சு. சின்ன உருண்டைக் காய் காய்க்கிற செடிக்குத் 'தக்காளி' என்று பெயர் போட்டு விற்பது பொறுப்பான காரியமில்லை. தொட்டியில் பெயர்ப்பலகை வைப்பவர்கள் 'தக்காளி' என்ற சொல்லை அதில் எழுதாமல் இருப்பதே நல்லது. குழந்தைக்குக் கை எட்டுகிற இடமென்றால் செடியையே வைக்க வேண்டாம்.

கண்டங்கத்தரி தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். தரையில் படராமல் நிமிர்ந்து நிற்கிற கண்டங்கத்தரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். வைக்கோல் நிற முள்ளுக்குப் பதில் இதற்கு ஆரஞ்சு முள், அவ்வளவுதான். சொந்த ஊர் மடகாஸ்கர். நல்ல வெயிலில் 1 முதல் 1.5 மீட்டர் உயரம் வரை புதராக வளரும். உறைபனி படாத இடத்தில் பல ஆண்டு நிற்கும். பனி விழும் ஊரில் ஒரு பருவச் செடியாகத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

ஓர் இலையை இடுக்கியால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். ஓரம் ஆழமாக வெட்டுப்பட்டு மடல் மடலாக இருக்கும். மேற்பரப்பில் மெல்லிய சுணை. அடிப்பக்கம் இன்னும் வெளுத்து, கம்பளித் துணிபோல இருக்கும். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் அந்தச் சுணை ஒவ்வொன்றும் சின்ன நட்சத்திரம். முள் இலையின் இரண்டு பக்கமும் உண்டு. இது ரோஜா முள்ளைப் போல மேல்தோலிலிருந்து எழுவது. போகன்வில்லா முள் கிளையின் மறுவடிவம், கள்ளி முள் இலையின் மறுவடிவம், இது இரண்டுமில்லை. அதனால்தான் காம்பு, நரம்பு, தண்டு என்று தோல் இருக்கிற இடமெல்லாம் முளைக்கிறது. இலை உதிர்ந்து காய்ந்த பிறகும் முள் விறைப்பாகவே கிடக்கும். இந்தக் கடைசி விஷயத்தை மறக்க வேண்டாம், பின்னால் வேலை இருக்கிறது.

விதையா, நாற்றா?

கையில் கிடைப்பது விதையென்றால் பொறுமை வேண்டும். 10 விதை போட்டால் 10ம் ஒரே வாரத்தில் தலை காட்டாது. முதல் முளை இரண்டு வாரத்தில் வரலாம். பின்தங்கியவை ஒரு மாதம் கடந்தும் வரும். 'விதை சொத்தை' என்று மூன்றாம் வாரம் தட்டைக் கவிழ்த்துக் கொட்டுகிறவர்கள்தான் அதிகம். ஆறு வாரமாவது விட்டுவையுங்கள்.

விதையை வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறவைக்கவும். கலவையில் கோகோபீட்டும் (தேங்காய் நார்த் தூள்) பெர்லைட்டும் (மண்ணை இளக்கும் வெள்ளைக் கல் துகள்) சரிபாதி போதும். இந்தக் கட்டத்தில் எரு சேர்த்தால் நாற்றழுகல்தான் வரும். ஆழம் 3 முதல் 5 மில்லிமீட்டர். கலவையின் வெப்பம் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். அறை வெப்பத்தைச் சொல்லவில்லை, கலவையின் வெப்பத்தைச் சொல்கிறோம். ஈரக் கலவை அறையைவிட ஓரிரு டிகிரி குளிர்ந்தே இருக்கும். 20க்குக் கீழே இறங்கினால் விதை சாகாது, ஆனால் அசையவும் செய்யாது. குளிர் ஊரில் கடைசிப் பனிக்கு 8 முதல் 10 வாரம் முன்பே, அடியில் சூடேற்றும் விரிப்பு போட்டு விதைத்தாக வேண்டும்.

பழைய விதை, அல்லது அடம்பிடிக்கும் விதை என்றால் முளைப்பைத் தூண்டும் பயிர் ஹார்மோனான ஜிப்ரலிக் அமிலம் கைகொடுக்கும். 100 மில்லி நீருக்கு 50 மில்லிகிராம், அதாவது 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு). பொடி நீரில் லேசில் கரையாது. சில சொட்டு ஆல்கஹாலில் முதலில் குழைத்துவிட்டு நீர் சேர்க்க வேண்டும். 24 மணி நேரம் ஊறவைத்துக் கழுவி விதைக்கலாம். கத்தரியின் காட்டு உறவுகளை முளைக்கவைக்கப் பலரும் கையாளும் முறைதான் இது. அளவைக் கூட்டினால் நாற்று நூல்போல நீண்டு சரிந்துவிடும்.

முளைத்ததும் வருகிற இரட்டை வித்திலையில் முள் இருக்காது. உண்மையிலைகள் வரத் தொடங்கியதும் நடுநரம்பில் ஆரஞ்சுப் புள்ளிகள் எட்டிப்பார்க்கும். வழக்கமாக எந்தச் செடிக்கும் சின்னத் தொட்டி, நடுத்தரத் தொட்டி, பெரிய தொட்டி என்று படிப்படியாக மாற்றச் சொல்வோம். இதற்கு அந்தப் பாடம் வேண்டாம். 4 முதல் 6 இலை இருக்கும்போதே, முள் இன்னும் பிஞ்சாக இருக்கும்போதே, 8 செ.மீ. தொட்டியிலிருந்து நேரே கடைசித் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். சின்னச் செடி பெரிய தொட்டியில் இருந்தால் ஈரம் தேங்கி வேர் அழுகுமே என்று கேட்டால், நியாயமான கேள்விதான். முதல் ஒரு மாதம் தொட்டி முழுக்க நீர் ஊற்றாமல் செடியைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு மட்டும் ஊற்றிவந்தால் அது நேராது. முக்கால் மீட்டர் உயரச் செடியைத் தொட்டி மாற்றுவதோடு ஒப்பிட்டால் இந்தக் கவனம் ஒன்றுமே இல்லை.

நாற்றாக வாங்குபவர்கள் இரண்டைப் பாருங்கள். ஒன்று, அடியிலை மஞ்சளாகாமல் இருக்கிறதா. இரண்டு, முள்ளின் நிறம். நிழல்வலைக்குள் வளர்ந்த நாற்றில் முள் வெளிறி இருக்கும். வெயிலில் வைத்த பின் வருகிற இலையில் நிறம் ஏறும், பழைய இலை அப்படியேதான் நிற்கும். அப்படிப்பட்ட நாற்றைத் திடீரென்று உச்சி வெயிலில் வைத்தால் இலை கருகும். ஒரு வாரம் பழக்கி வெளியே கொண்டுவர வேண்டும்.

எங்கே வைப்பது

இந்தச் செடியின் மதிப்பு பாதிக்கு மேல் இதில் இருக்கிறது. தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போது முள் ஆரஞ்சாகத் தெரியும், அவ்வளவுதான். சாய்வெயில் பின்னாலிருந்து விழும்போதுதான் முள்ளுக்குள் வெளிச்சம் புகுந்து நரம்பு முழுக்கக் கனல் வரிசையாகிறது. எனவே நீங்கள் வழக்கமாக உட்காரும் அல்லது நடந்துபோகும் இடத்துக்கும், காலையிலோ மாலையிலோ சூரியன் இருக்கும் திசைக்கும் நடுவில் செடி இருக்க வேண்டும். மாலையில் பார்ப்பவரென்றால் உங்களுக்கு மேற்கே. பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் இந்த விளையாட்டு நடக்காது, ஏனென்றால் சுவர் பின்வெளிச்சத்தை மறைத்துவிடும். கரும்பச்சை வேலி தூரத்தில் இருந்து, இடையில் வெளிச்சம் புக இடமும் இருந்தால் அமோகம்.

நாளுக்கு 6 மணி நேர நேர்வெயில் குறைந்தபட்சம். அரைநிழலில் செடி சாகாது. கணுவிடை நீண்டு, ஒல்லியாகி, ஒரு பக்கம் சாயும். நடைபாதை ஓரம் கூடவே கூடாது. முழுசாக வளர்ந்த செடிக்கும் நடப்பவருக்கும் நடுவே ஒரு மீட்டராவது இடைவெளி விடுங்கள். நாற்றாக இருக்கும்போது அது வீண் இடமாகத்தான் தெரியும். காற்று வீசியடிக்கும் மூலையும் ஆகாது: முட்கள் தன் செடியின் இலைகளையே குத்திக் கிழித்து, கிழிந்த இடம் பழுப்பேறிப்போகும்.

மண்ணைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. தோட்டமண் இரண்டு பங்கு, மட்கு உரம் ஒரு பங்கு, பருமணல் அல்லது பெர்லைட் ஒரு பங்கு. 30 செ.மீ. அகலத் தொட்டி, அடியில் தாராளமான துளைகள். மேல் 3 செ.மீ. மண் காய்ந்த பிறகு நன்றாக நீர் ஊற்றி, அடுத்து அது காயும்வரை சும்மா இருக்கலாம். வேர் பிடித்துவிட்டால் வறட்சியைத் தாங்கும்; தேங்கும் நீரைத்தான் தாங்காது. உரமும் குறைவாகவே வேண்டும்: சமச்சத்து திரவ உரத்தைப் பாக்கெட் சொல்லும் அளவில் பாதியாக்கி, வளரும் பருவத்தில் மாதம் ஒருமுறை. தழைச்சத்து கூடினால் இலை கொழுத்து, தண்டு மெலிந்து, அசுவினிக்கு விருந்தாகும்.

தரையில் நடுபவர்கள் ஒன்று செய்யுங்கள். நடுவதற்கு முன்பே களையைச் சுத்தமாக எடுத்து, 5 செ.மீ. கனத்துக்கு மூடாக்கு (மண்ணை மூடும் காய்ந்த இலை, வைக்கோல்) போட்டுவிடுங்கள், தண்டிலிருந்து ஒரு கை தள்ளி. செடி வளர்ந்த பிறகு அதன் அடியில் கைவிட்டுக் களை பறிக்கவே முடியாது. நீர் ஊற்றவும் நீண்ட மூக்குள்ள பூவாளிதான் சரிப்படும்.

கை வைக்கும் வேலைகள்

ரப்பர் கையுறை, துணிக் கையுறை இரண்டுமே பயனில்லை. முள் நேராகப் புகுந்துவிடும். முழங்கை வரை வருகிற தோல் கையுறையும் கனமான முழுக்கைச் சட்டையும் வேண்டும். குனிந்து வேலை செய்யும்போது இலை முகத்துக்கு நேரே இருக்கும், ஆகவே கண்ணாடி போடாமல் கிட்டே போகாதீர்கள். சின்ன வேலைக்கு 25 செ.மீ. நீள இடுக்கி ஒன்றைத் தோட்டப் பெட்டியில் நிரந்தரமாகப் போட்டுவையுங்கள். செடியை இடம் மாற்ற வேண்டுமென்றால் அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்து, செடியைச் சுற்றிக் குழாய்போல வளைத்துக் கட்டி, அதற்கு மேல்தான் பிடிக்க வேண்டும். சாக்கு சுற்றுவது சரிவராது: முட்கள் சாக்கில் மாட்டிக்கொண்டு, பிரிக்கும்போது இலையும் சேர்ந்து வந்துவிடும்.

கவாத்து கட்டாயம். விட்டால் செடி மேலே மட்டும் தழைத்து, அடியிலைகளை உதிர்த்து, முழங்கால் உயரத்துக்கு மொட்டைத் தண்டாக நிற்கும். படத்தில் இருக்கும் குண்டுப் புதர் எங்கே என்று வாங்கியவர்கள் கேட்பது அப்போதுதான். 20 முதல் 25 செ.மீ. உயரத்தில் ஒருமுறை நுனி கிள்ளுங்கள். கிள்ளுவது என்பது பேச்சுக்குத்தான், நீளக் கைப்பிடிக் கத்தரியால் வெட்டவேண்டும். பக்கக் கிளைகள் ஒரு சாண் வளர்ந்ததும் அவற்றின் நுனியையும் வெட்டுங்கள். ஏற்கனவே மொட்டையான செடியைப் புதுத் தளிர்ப் பருவத்தின் தொடக்கத்தில் 30 செ.மீ. அளவுக்குக் கவாத்து செய்தால் மறுபடி அடர்ந்து வரும். பருவத்தின் கடைசியில் வெட்ட வேண்டாம். துளிர்க்கும் முன் குளிர் வந்துவிடும்.

வெட்டியது, உதிர்ந்தது எதையும் மட்குக் குழியில் போடாதீர்கள். காய்ந்த முள் அடுத்த வருடம் உரத்தோடு சேர்ந்து உங்கள் கைக்கே வரும். கெட்டியான அட்டைப் பெட்டியில் போட்டு ஒட்டி, மேலே 'முள்' என்று எழுதி அப்புறப்படுத்தவும். வெறுங்காலோடு அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

குத்திவிட்டால் முள்முனை உள்ளே ஒடிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள், சாமணத்தால் எடுத்து சோப்பு போட்டுக் கழுவுங்கள். விரல் மூட்டில் ஆழமாகக் குத்தி வீங்கினால் மருத்துவரிடம் போவதே சரி. டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பூச்சிகளுக்கு முள் தெரியாது

இவ்வளவு ஆயுதம் தரித்த செடியை எது தின்னப்போகிறது என்று நினைப்பது இயல்பு. இந்த முள் ஆடு மாடுகளுக்கான பதில். பூச்சிக்கு அது படிக்கட்டு. கத்தரியைத் தாக்கும் எல்லாமே இங்கேயும் வரும். புள்ளி வண்டின் புழு இலையின் பச்சையை மட்டும் சுரண்டி, நரம்பை விட்டுவிட்டு, சல்லடைபோல ஆக்கிவைக்கும். அந்தப் புழுவும் மஞ்சளாக, உடம்பெல்லாம் முள்ளாக இருப்பதால் முதல் பார்வையில் செடியோடு செடியாகப் போய்விடும். இலையடியில் மஞ்சள் முட்டைக் குவியல் தெரிந்தால் இடுக்கியால் அந்த இலையையே ஒடித்து எடுத்துவிடுங்கள். ஊசி ஊசியாக ஓட்டைகள் இருந்தால் அது தெள்ளு வண்டு.

வறண்ட காற்றில், குறிப்பாகக் குளிருக்காக வீட்டுக்குள் எடுத்துவைத்த செடியில், சிவப்புச் சிலந்திப் பேன் வரும். இலைமேல் பொடிப் புள்ளிகளாக வெளிறி, அடியில் நூலாம்படை தெரியும். மற்றச் செடியென்றால் ஈரத்துணியால் துடைக்கலாம். இங்கே அது நடக்காது, சுணையும் முள்ளும் துணியை விடாது. இலையின் அடிப்பக்கம் நீரை வேகமாகப் பீய்ச்சி அடிப்பதுதான் வழி. மூன்று நாளைக்கு ஒருமுறை என இரண்டு வாரம் விடாமல் அடிக்க வேண்டும். அடங்காவிட்டால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்கு 1 மில்லி திரவ சோப்பு சேர்த்து வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கலாம். சுணை இலை மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் முதலில் ஓர் இலையில் தெளித்து இரண்டு நாள் பாருங்கள்.

செடி பச்சையாக இருக்கும்போதே ஒரே நாளில் துவண்டு, நீர் ஊற்றியும் எழவில்லையா? தண்டின் அடியை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடி டம்ளரில் வெட்டுமுகம் நனையும்படி தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால்போல வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். மருந்து கிடையாது. செடியையும் மண்ணையும் அகற்றிவிட்டு, அந்த இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எதையும் பல வருடம் நட வேண்டாம். இதே காரணத்தால்தான் காய்கறிப் பாத்தி ஓரத்தில் அழகுக்காக இதை வைப்பதும் தப்பு. வேர்முடிச்சு நூற்புழு, வெள்ளை ஈ எல்லாவற்றுக்கும் இது ஒரு சத்திரம் ஆகிவிடும்.

பூவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குறை. ஐந்து இதழ் ஊதா நட்சத்திரம், நடுவில் கூம்பாகக் குவிந்த மஞ்சள் மகரந்தப்பைகள். மகரந்தம் அந்தப் பைகளின் நுனித் துளை வழியாகத்தான் வெளியேறும். உடம்பை அதிரவைத்து உதிர்க்கத் தெரிந்த மரத்துளை வண்டு போன்றவைதான் அதை எடுக்க முடியும்; சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை கிடையாது. வண்டு உட்கார்ந்ததும் ரீங்காரத்தின் சுருதி ஏறுவதைக் காதால் கேட்கலாம். பூ உதிர்ந்ததும் காய் பச்சையாக இருக்கும்போதே கொத்தோடு வெட்டிவிடுவது நல்லது. நஞ்சு ஒரு காரணம், கண்ட இடத்தில் விதை விழுந்து முளைப்பது இன்னொன்று. விதை வேண்டுமென்றால் ஒரு கொத்தை மட்டும் விடுங்கள்.

முள் சொலானம் விதைகள் பெயர் மாறி வருவதும் உண்டு. முள் ஆரஞ்சாக இல்லாமல் வெளிறிய வைக்கோல் நிறம், இலை பளிச்சென்ற பச்சை, பூ வெள்ளை, காய் குட்டித் தர்ப்பூசணிபோல வரிவரியாக இருந்து பழுத்ததும் மஞ்சள் என்றால், கையில் இருப்பது சொலானம் வயாரம். தென் அமெரிக்காவிலிருந்து கிளம்பிய ஆக்கிரமிப்புக் களை அது. புளோரிடாவில் 1988இல் முதலில் கண்ணில் பட்டது. 1995இல் அமெரிக்கா அதைக் கூட்டாட்சிக் களைப் பட்டியலில் சேர்த்தது. காய்க்கும் முன் வேரோடு பிடுங்கிவிட வேண்டும்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: தோற்றத்துக்கு 5க்கு 5, விதை முளைப்புக்கு 2, நோய் பூச்சி தாங்குவதற்கு 3, வறட்சி தாங்குவதற்கு 4. ஒரே ஒரு தொட்டிக்குத்தான் இடம் என்றால் விதை வேண்டாம், நாற்றாகவே வாங்குங்கள். தோட்டத்தில் இடமிருந்தால் மூன்று செடி ஒன்றாக, 75 செ.மீ. இடைவெளியில் நட்டால் மொட்டைத் தண்டு மறையும்.

கருத்த முள் பிடிக்குமென்றால் பிரேசிலின் சொலானம் அட்ரோபர்பூரியம் இருக்கிறது. தண்டே கருஊதா, முள் இதைவிட நெருக்கம், கவாத்து செய்பவர் பாடு இன்னும் மோசம். முள்ளும் வேண்டும், காயைத் தின்னவும் வேண்டும் என்பவர்கள் தென் அமெரிக்க ஆண்டிஸ் மலைப்பகுதியின் நரஞ்சில்லாவை (சொலானம் குயிட்டோயென்சே) பார்க்கலாம். ஊதாச் சுணை போர்த்திய பெரிய இலை, கடும் வெயிலும் கடும் குளிரும் இரண்டும் ஆகாது, அதில் முள்ளில்லாத வகையும் உண்டு. வாங்கும்போது எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.